மதுரையில் திருச்சி வானொலி: பூஸ்டரா, ஃபில்டரா, ஆண்டெனாவா?

வில்லாபுரத்தில் இருக்கும் சித்தப்பா பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். வேலைக்காக மதுரைக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. காலைக் காபியோடு திருச்சி வானொலியை, 102.1 மெகாஹெர்ட்ஸில், கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முடிந்தால் கொடைக்கானலின் 100.5-உம் கரகரப்பில்லாமல் வேண்டும். கைபேசிச் செயலியிலேயே கேட்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அது ரேடியோ இல்லையப்பா, டெலிபோன்" என்று முடித்துவிட்டார்.

நான் போவதற்குள் அவரே டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் போய் ஒரு டிவி ஆண்டெனா பூஸ்டரை வாங்கி வந்து மொட்டை மாடியில் மாட்டியிருந்தார். 25 டெசிபெல் பெருக்கம் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. (சமிக்ஞை எத்தனை மடங்கு கூடுகிறது, குறைகிறது என்பதைச் சொல்லும் அளவு டெசிபெல்; 10 டெசிபெல் என்றால் ஆற்றலில் பத்து மடங்கு.) பெருக்கம் உண்மைதான். ஆனால் 102.1-இல் திருச்சியைத் தவிர மற்ற எல்லாம் கேட்டது. நிலையமே இல்லாத 101.4-இல் ஒரு சினிமாப் பாட்டும் ஒரு விளம்பரமும் யாரோ வாசிக்கும் செய்தியும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. பூஸ்டரைக் கழற்றினால் அந்த 101.4 அப்படியே மறைந்துபோனது. அதாவது, அந்தக் கதம்பம் வானத்தில் இல்லை. அவர் விலை கொடுத்து வாங்கிய பெட்டிக்குள் பிறந்தது.

அவர் முன்னால் இருந்த வழிகள் நான்கு: அதே பூஸ்டர், அதைவிடத் தரமான பெருக்கி, பெருக்கிக்கு முன்னால் ஒரு ஃபில்டர், அல்லது பெருக்கியே இல்லாமல் நல்ல ஆண்டெனா. எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், பெட்டிக்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம்.

கோயில் திருவிழாவில் பழைய குழாய் ஒலிபெருக்கியைக் கேட்டவர்களுக்கு இது பழகிய சங்கதி. நாகஸ்வரம் தனியாக வரும்வரை சரியாகவே ஒலிக்கும். தவிலில் ஓங்கி ஓர் அடி விழுந்தால் நாகஸ்வரம் ஒரு கணம் அமுங்கும். வலுவான ஒன்று பெருக்கியின் முழுத் தெம்பையும் இழுத்துக்கொள்ள, மெலிந்தது நசுங்குகிறது. இரண்டு நாகஸ்வரங்கள் ஒரே நேரத்தில் உரக்க ஊதினால் இன்னொரு தொல்லை. இருவரும் வாசிக்காத மூன்றாவது ஸ்வரம் ஒன்று குழாயிலிருந்து அபசுரமாக வரும். ரேடியோ அலைகளைப் பெருக்கும் டிரான்சிஸ்டரும் இப்படித்தான். சிறிய சமிக்ஞை வந்தால் கொடுத்ததை அதே வடிவில் பெரிதாக்கித் தரும். பெரியவை இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அவற்றின் உச்சிகளை நசுக்கும். நசுங்கிய இடத்தில் புதிய அலைவரிசைகள் முளைக்கும். இதை இன்டர்மாடுலேஷன் என்பார்கள்.

எங்கே முளைக்கும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிடலாம். மதுரையில் வலுவாகக் கேட்பவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: 98.3, 100.5, 103.3, 106.4. ஒன்றை இரட்டிப்பாக்கி இன்னொன்றைக் கழித்தால் ஒரு வகை. இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் மற்றொரு வகை. 98.3-ஐயும் 106.4-ஐயும் கூட்டி 103.3-ஐக் கழித்துப் பாருங்கள்: 101.4. சித்தப்பாவின் கதம்பக் கச்சேரி நடந்த அதே இடம். 103.3-ஐ இரட்டிப்பாக்கி 106.4-ஐக் கழித்தால் 100.2. கொடைக்கானலுக்கு 0.3 மெகாஹெர்ட்ஸ்தான் தள்ளி. இந்த இரண்டாவது கணக்கில் ஒரு விஷமம் உண்டு. பண்பலை நிலையம் ஒவ்வொன்றும் தன் நடு அலைவரிசையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை அசையும். இரட்டிப்பாகும்போது அந்த அசைவும் இரட்டிப்பாகிறது. மற்றதன் அசைவும் சேர்ந்தால் முளைத்த பூதம் 225 கிலோஹெர்ட்ஸ் வரை இருபுறமும் கை வீசும். 100.2-இல் நிற்பதன் விரல் கொடைக்கானலின் ஓரத்தைத் தொட்டுவிடுகிறது.

நான்கு நிலையங்களிலிருந்து இப்படி 24 கலவைகள் கிடைக்கும். நிலையங்கள் ஆறானால் 90. நகரில் நான்குக்கு மேலேயே இருக்கின்றன. பண்பலைப் பட்டை முழுவதும் 20 மெகாஹெர்ட்ஸ்தான். வெறும் இடம் என்று ஒன்று மிஞ்சுவதே அரிது. போதாக்குறைக்கு பண்பலை ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு: இரண்டு சமிக்ஞைகளில் சற்றே வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு கைவிட்டுவிடும். கலவை திருச்சியைவிடக் கொஞ்சம் ஓங்கினாலும் போதும், திருச்சி மங்கலாகக்கூடக் கேட்காது, இல்லவே இல்லாதது போலாகிவிடும்.

இனி வழிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, கையில் இருக்கும் அதே பூஸ்டர். விலை சில நூறு ரூபாய். 25 டெசிபெல் பெருக்கத்தை வைத்துக் கணக்குப் போடுகிறேன். பெட்டியில் போடாத இன்னோர் எண்தான் முக்கியம். மூன்றாம் படி வெட்டுப்புள்ளி, சுருக்கமாக ஐ.பி.3. நெரிசலை எவ்வளவு தாங்கும் என்பதற்கான அளவு அது. வெளியீட்டில் பிளஸ் 20 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்) என்று வைத்துக்கொள்வோம். பெருக்கத்தைக் கழித்து உள்ளீட்டுப் பக்கம் பார்த்தால் மைனஸ் 5. உள்ளூர் நிலையங்கள் ஒவ்வொன்றும் மைனஸ் 20-இல் வந்தால், மும்மடங்கு மைனஸ் 20-இலிருந்து இருமடங்கு மைனஸ் 5-ஐக் கழிக்க வேண்டும். உள்ளே முளைக்கும் கலவையின், அதாவது குப்பையின், அளவு மைனஸ் 50. திருச்சி மைனஸ் 85-இல் வருகிறது என்றால், குப்பை அதைவிட 35 டெசிபெல் பெரிது. ஆற்றலில் மூவாயிரம் மடங்குக்கு மேல். பெருக்கத்தைக் கூட்டினால் தீருமா? திருச்சியையும் குப்பையையும் ஒரே பெட்டிதான் தூக்குகிறது. அந்த விகிதம் மேலும் கெடுமே தவிர சீராகாது.

இந்தப் பூஸ்டரை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். நத்தம் பக்கம் ஒரு தோட்ட வீட்டில் இதே பெட்டி இருக்கிறது என்று கற்பனை செய்யுங்கள். அங்கே உள்ளூர் என்று எதுவும் இல்லை; மதுரை நிலையங்கள் 30 டெசிபெல் மெலிந்து மைனஸ் 50-இல் வருகின்றன. குப்பை எவ்வளவு குறையும்? முப்பது அல்ல, தொண்ணூறு. மூன்றாம் படிக் கலவையின் இயல்பு அது: மூலங்கள் ஒரு டெசிபெல் குறைந்தால் கலவை மூன்று டெசிபெல் குறையும். மைனஸ் 140-இல் இருப்பதை எந்த ரிசீவரும் கேட்காது. வில்லாபுரத்தில் வில்லனாக நின்ற பெட்டி நத்தத்தில் பரம சாது.

இந்த ஒன்றுக்கு மூன்று என்பதை வைத்தே நோயையும் கண்டுபிடித்துவிடலாம். கேபிள் டிவிக்காரர்கள் பயன்படுத்தும் 6 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சமிக்ஞையைக் குறைக்கும் சிறு துண்டு) ஒன்றை ஆண்டெனாவுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் மாட்டுங்கள். உண்மையான நிலையம் 6 டெசிபெல் மட்டும் குறையும். உள்ளே பிறந்த கலவை 18 குறைந்து ஏறக்குறையக் காணாமல் போகும். அட்டெனுவேட்டர் போட்ட பிறகு ஒரு நிலையம் முன்பைவிடத் தெளிவாகக் கேட்டால், உங்கள் பிரச்சினை பெருக்கம் போதாமை அல்ல, மிகுந்துபோனது. வில்லாபுரத்தில் இதைச் செய்தபோது சித்தப்பா என்னைச் சந்தேகத்தோடு பார்த்தார். சமிக்ஞையைக் குறைத்து வானொலியைத் தெளிவாக்குவது அவருக்கு ஏதோ கண்கட்டு வித்தை போல இருந்தது.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அளப்பதற்கு யுஎஸ்பியில் செருகும் சின்ன ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவரை மடிக்கணினியோடு எடுத்துப்போயிருந்தேன். திரையில் நாற்பது நிலையங்கள் தெரிந்தன. மகிழ்ச்சியில் பாதியைக் குறித்தும் வைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: அந்த ரிசீவரின் உள்ளேயும் ஒரு பெருக்கி இருக்கிறது, அதன் பெருக்கத்தை நான் உச்சத்தில் வைத்திருந்தேன். குறைத்ததும் பெரும்பாலானவை மறைந்தன. அளவுகோலே குப்பை போட்டிருக்கிறது.

இரண்டாவது வழி, பெருக்கம் குறைவாகவும் தாங்கும் திறன் அதிகமாகவும் உள்ள பெருக்கி. 12 டெசிபெல் பெருக்கம், வெளியீட்டில் பிளஸ் 38 டிபிஎம் வெட்டுப்புள்ளி என்று ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளீட்டுப் பக்கம் பிளஸ் 26. அதே மைனஸ் 20 நிலையங்களுக்கு இப்போது குப்பை மைனஸ் 112. திருச்சிக்கு 27 டெசிபெல் கீழே. காகிதத்தில் இதுவே வெற்றி. எப்படி இவ்வளவு தாங்குகிறது? டிரான்சிஸ்டருக்குள் எப்போதும் நிறைய மின்னோட்டத்தை ஓடவிட்டிருப்பார்கள். அதனால் பெட்டி தொட்டால் சுடும். வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளீட்டில் கொடுத்து வளைவை நிமிர்த்துவார்கள். இரண்டு டிரான்சிஸ்டர்களை எதிரெதிராக இழுக்கவிடும் அமைப்பும் உண்டு. அது இரண்டாம் படிக் கலவைகளைத்தான் அடக்கும், நம் தொல்லை மூன்றாம் படி என்பதால் இங்கே அதனால் பெரிய பலனில்லை. கேபிள் டிவித் துறை பல பத்துச் சேனல்களை ஒரே கம்பியில் அனுப்ப வேண்டியிருந்ததால் இந்தக் கலையில் தேர்ந்தது. அவர்களின் லைன் பெருக்கிகள் வானொலிக்காரர்களுக்கும் உதவும்.

ஆனால் ஒன்று. பெருக்கி சுத்தமாகவே கொடுக்கிறது; மைனஸ் 20-இல் வந்ததை மைனஸ் 8 ஆக்கி ரிசீவருக்கு அனுப்புகிறது. அந்த ரிசீவர் தாங்குமா? சித்தப்பாவின் வீட்டில் இருப்பது சாதாரண மேசை ரேடியோ. குப்பை போடும் வேலையைப் பூஸ்டரிடமிருந்து வாங்கி ரேடியோவே செய்யத் தொடங்கிவிடும். பெருக்கியை மட்டும் மாற்றிவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று அலுத்துக்கொள்பவர்கள் பலரும் இடறுவது இந்த இடத்தில்தான்.

இன்னொரு கேள்வியும் உண்டு: பெருக்கி எதற்காக? கேபிளில் இழப்பதை ஈடுகட்ட என்பார்கள். ஆர்ஜி-6 கேபிள் 100 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஆறேழு டெசிபெல்தான் தின்னும். மாடியிலிருந்து கூடத்துக்கு 15 மீட்டர், ஒரு டெசிபெல். ஒரு டெசிபெல்லுக்காக 25 டெசிபெல் பெட்டியா? டிவியின் யுஎச்எஃப் பட்டையில் கேபிள் இழப்பு இதைவிடக் கூடுதல், அங்கே மாடிப் பூஸ்டருக்கு ஒரு நியாயம் உண்டு. பண்பலையில் நகரத்தின் மின் இரைச்சலே பெருக்கியின் சொந்த இரைச்சலை மிஞ்சி நிற்கும். எவ்வளவு நேர்த்தியான பெருக்கி போட்டாலும் அந்த இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும்.

மூன்றாவது வழி, வேண்டாததைப் பெருக்கிக்கு முன்பே தடுப்பது. கொள்கையில் எனக்கு மிகவும் பிடித்தது இது. பெருக்கிக்குள் போகாதது உள்ளே போய்க் கலக்க முடியாது. நடைமுறையில் மதுரை இடைவெளிகள் இடம் கொடுக்கவில்லை. 102.1-க்கும் 103.3-க்கும் நடுவே 1.2 மெகாஹெர்ட்ஸ், சுமார் ஒரு சதவீதம். சாதாரணச் சுருளும் கண்டென்சரும் வைத்துச் செய்த ஃபில்டர் அவ்வளவு கூர்மையாக வெட்டாது. வெட்டும்படி செய்தால் வேண்டியதையும் கணிசமாக விழுங்கும். உலோகக் கூட்டுக்குள் சுருள் வைத்த ஹெலிகல் ரெசனேட்டர்களால் செய்யலாம். ஆனால் அவற்றைச் செய்து டியூன் செய்யப் பொறுமையும் கருவிகளும் வேண்டும். திருச்சிக்கு என்று செய்தது கொடைக்கானலுக்கு உதவாது.

கேபிள் துண்டை வெட்டி மாட்டினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. கால் அலை நீளத்துக்கு ஆர்ஜி-6 கேபிளை வெட்டி, ஒரு முனையைத் திறந்தபடி விட்டு, 'டி' இணைப்பில் தொங்கவிட்டால் அந்த அலைவரிசை குறுக்குச் சுற்றாகி அங்கேயே அடைபடும். 98.3-க்கு நீளம் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் வரும். ஆசையாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தத் துண்டு 102.1-ஐயும் 18 டெசிபெல் விழுங்குகிறது, 100.5-ஐ 23. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. நான் வெட்டவே இல்லை.

ஃபில்டர் யாருக்குப் பொருந்தும் என்றால், பண்பலையையே கேட்க விரும்பாதவர்களுக்கு. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸில் அமெச்சூர் வானொலி வைத்திருக்கும் நண்பர்களுக்கு 88 முதல் 108 வரை மொத்தமாக அடைக்கும் ஃபில்டர் மலிவாகக் கிடைக்கிறது. அதை மாட்டினாலே பாதி நோய் தீரும். விமானப் பட்டையைக் கேட்பவர்களுக்கும் அப்படியே. 106.4-ஐ இரட்டிப்பாக்கி 98.3-ஐக் கழித்தால் 114.5. விமான வழிகாட்டிகளின் பட்டைக்குள் வரும் அந்த இடத்தில் சினிமாப் பாட்டு கேட்டால், வானத்தைப் பழிப்பதற்கு முன் தன் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

மிஞ்சியது ஆண்டெனா. ஐந்து உறுப்புகள் கொண்ட யாகி, அதாவது ஒரு குழாயில் குறுக்கே கம்பிகள் வரிசையாக நிற்கும், ஒரு திசையை நோக்கும் ஆண்டெனா. நடு இருமுனையின் நீளம் 102 மெகாஹெர்ட்ஸுக்கு 1.40 மீட்டர், தாங்கும் குழாய் இரண்டரை மீட்டர் அளவு. இது தரும் ஆறேழு டெசிபெல் பெருக்கத்தில் மின்சாரம் இல்லை, டிரான்சிஸ்டர் இல்லை, ஆகவே கலவையும் இல்லை. அதைவிடப் பெரிய லாபம் திசை. பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வருவதை 15 டெசிபெல், சில திசைகளில் அதற்கும் மேல் குறைக்கும். மூலம் இரண்டும் 15 குறைந்தால் கலவை 45 குறையும். எந்தப் பெருக்கியும் தராத சுத்தம் அலுமினியக் குழாயிலிருந்து வருகிறது.

குறைகளும் உண்டு. ஆடிக் காற்றில் இரண்டரை மீட்டர் குழாய் சும்மா நிற்காது. நல்ல கம்பமும் இழுவைக் கம்பிகளும் வேண்டும். இடி மழைக் காலத்துக்குத் தரை இணைப்பும் கட்டாயம். துரு ஏறிய நட்டும் போல்ட்டும்கூட டையோடு போல நடந்துகொண்டு தாமே கலவையை உண்டாக்கும் என்பதால் இணைப்புகளைப் பளிச்சென்று வைத்திருக்க வேண்டும். அலை நின்று (செங்குத்தாக) வருகிறதா, கிடந்து (கிடைமட்டமாக) வருகிறதா என்பது நிலையத்துக்கு நிலையம் மாறும். இரு விதமாகவும் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே ஆண்டெனாவில் இரண்டு ஊர்களும் கேட்க வேண்டுமென்றால் திருப்பவும் வேண்டும். வில்லாபுரத்திலிருந்து திருச்சி வடக்கு-வடகிழக்கே, கொடைக்கானல் மேற்கு-வடமேற்கே. ஏறத்தாழ செங்கோணம்.

கொடைக்கானலைப் பற்றிக் கவலை இல்லை. 2,100 மீட்டர் உயரத்திலிருந்து ரேடியோ அடிவானம், அதாவது அலை நேராக எட்டும் தூரம், 189 கிலோமீட்டர். மதுரை நேர்கோட்டில் அதில் பாதிக்கும் குறைவு. அந்த நிலையத்துக்கு எதுவுமே பெருக்க வேண்டியதில்லை, கெடுக்காமல் இருந்தால் போதும். திருச்சிதான் சிக்கல். நேர்கோட்டில் சுமார் 115 கிலோமீட்டர். அங்கே 100 மீட்டர் கோபுரம், இங்கே 12 மீட்டர் மாடி என்று வைத்தாலும் அடிவானம் 55 கிலோமீட்டரோடு முடிகிறது. போதாததற்கு அதே திசையில் அழகர்மலை. எனவே வந்துசேர்வது மலைமேல் வளைந்தும் காற்று மண்டலத்தில் சிதறியும் வரும் மிச்சம்தான். விடியற்காலையில் தரைக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை வளைந்து வரும். வெயில் ஏறியதும் மங்கும். எந்தப் பெட்டியை வாங்கினாலும் இது மாறாது என்பதைச் சித்தப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வில்லாபுரத்துக்கு நான் எடுத்த முடிவு: யாகி மட்டும், பெருக்கி இல்லை. கம்பத்தைக் கையால் திருப்பும்படி கீழே ஒரு பிடி. திருச்சிக்கு நேராக வைக்காமல் சற்று விலக்கி வைத்திருக்கிறேன். அந்த நிலையில் திருச்சி இரண்டு டெசிபெல் குறைகிறது, ஆனால் மிக வலுவான உள்ளூர் நிலையம் ஆண்டெனாவின் குருட்டுத் திசையில் விழுகிறது. பேரத்தில் நமக்கே லாபம். பின்னாளில் ஒரு பெருக்கி சேர்ப்பதானால் இரண்டாவது வகைதான், அதுவும் ரேடியோவை மாற்றிய பிறகு. உசிலம்பட்டிக்கு அப்பால், மேலூருக்கு அப்பால் இருப்பவர்களுக்கு என் பதில் வேறு. அங்கே முதலில் மலிவான பூஸ்டரையே முயன்று பாருங்கள். 6 டெசிபெல் சோதனையில் தேறினால் அதோடு விட்டுவிடலாம்.

இப்போது ஐந்தரை மணியிலிருந்து ஏழு, ஏழரை வரை வில்லாபுரத்தில் 102.1 கேட்கிறது. சில நாட்கள் கேட்பதில்லை. அந்த நாட்களில் சித்தப்பா கம்பத்தை மேற்கே திருப்பிவிட்டுக் கொடைக்கானலைக் கேட்கிறார். கழற்றிய பூஸ்டரை அவருடைய மருமகன் நத்தத்துக்கு எடுத்துப்போயிருக்கிறார். அங்கே அது நன்றாக வேலை செய்கிறதாம்.